"நாங்க வெஜ்தான் சாப்பிட்டோம் டாக்டர்"

சனி, ஞாயிறு இரவுகளில் ஓசூர், கிருஷ்ணகிரி அவசரப் பிரிவுகளுக்கு வரும் ஒரு கூட்டத்தை இப்போதெல்லாம் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். இஸ்திரி கலையாத சட்டை, சென்ட் வாசனை, வீங்கிய உதடு. பெங்களூரில் ஒரு பெரிய இத்தாலிய உணவகம். ஆபீஸ் பார்ட்டி அல்லது கல்யாண நாள். பாதிச் சாப்பாட்டில் நாக்கு நமைச்சல். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை. "சரி, வீட்டுக்குப் போயிடலாம்." அத்திப்பள்ளி தாண்டும்போது தொண்டை அடைக்கிறது. விசாரித்தால் வரும் பதில் மட்டும் மாறுவதே இல்லை: "முந்திரி அலர்ஜின்னு தெரியும் டாக்டர். ஆனா நாங்க வெஜ்தான் சாப்பிட்டோம்."

முந்திரி என்ன, கோழியா?

மெனுவில் இருக்கும் பச்சைப் புள்ளிக்கு ஒரே வேலைதான். அந்த உணவில் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று சொல்வது. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி முட்டை அசைவக் கணக்கில் வருவதால், முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி ஓரளவு உதவும். முந்திரி, பாதாம், பிஸ்தா, பால், கோதுமை இவற்றைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. இன்னும் சொன்னால், அசைவத்தை எடுத்துவிட்டு ருசியும் கெட்டித்தன்மையும் கொண்டுவர சமையல்காரர் முதலில் கை வைப்பது பருப்பு டப்பாவில்தான். பால்கூடச் சேராத 'வீகன்' என்று போட்டிருந்தால் முந்திரி அலர்ஜிக்காரர்கள் இரண்டு மடங்கு உஷாராக வேண்டும். வீகன் சீஸ், வீகன் கிரீம் என்பவற்றில் பல ஊறவைத்து அரைத்த முந்திரி.

பாஸ்தாவில் கலக்கும் பச்சைச் சட்னி மாதிரியான பெஸ்டோவை எடுத்துக்கொள்வோம். ஜெனோவா ஊர் முறைப்படி பேசில் இலை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், இரண்டு வகை சீஸ், பைன் நட். பைன் நட் இங்கே யானை விலை. அதனால் நம் ஊர் சமையலறைகளில் அந்த இடத்துக்கு முந்திரியோ பாதாமோ வால்நட்டோ வந்துவிடும். மெனுவில் 'பெஸ்டோ' என்று மட்டும் இருக்கும். ஒயிட் சாஸும் அப்படித்தான். வெண்ணெய், மைதா, பால் என்பது பாடம். கெட்டிப்பட ஒரு கரண்டி முந்திரி விழுது என்பது நடைமுறை. மோர்ட்டடெல்லா என்ற இறைச்சித் துண்டில் பல நேரம் முழுப் பிஸ்தா பதிந்திருக்கும். அமரெட்டி பிஸ்கட்டில் பாதாம், நூட்டெல்லா பூசிய டெசர்ட் பீட்சாவில் ஹேசல்நட். ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் கடையில் பிஸ்தாவை அள்ளிய அதே கரண்டிதான் உங்கள் மாம்பழ ஜெலாட்டோவுக்கும் வரும்.

முந்திரிக்கு அலர்ஜி என்றால் பிஸ்தாவையும் சேர்த்தே ஒதுக்குங்கள். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒரே அச்சு. மாமரமும் இதே குடும்பம்தான், ஆனால் கிருஷ்ணகிரிக்காரர்கள் பதற வேண்டாம். முந்திரி அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோர் மாம்பழத்தைச் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். "எங்க காட்டுக் கடலையே தின்னு வளர்ந்தவன், எனக்கு எப்படி முந்திரி சேராம போகும்?" என்று தர்மபுரிப் பக்கம் கேட்பார்கள். நிலக்கடலை துவரை, உளுந்து வகையறா. முந்திரி மரக்கொட்டை. ஒன்று ஒத்துக்கொள்வதால் மற்றதும் ஒத்துக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கோதுமையில் வேறொரு குழப்பம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோயாளிகளுக்குக் கோதுமை, மைதா ஆகாது என்று சொல்லி அனுப்பினால், "பாஸ்தா ரவைலதானே டாக்டர் செய்யறாங்க" என்று திரும்பி வருகிறார்கள். அந்த ரவை டூரம் கோதுமை ரவை. நம் உப்புமா ரவையும் கோதுமைதான். நியோக்கியை 'உருளைக்கிழங்கு உருண்டை' என்று சர்வர் விளக்குவார்; பிசையும்போது மைதா சேர்த்திருப்பார்கள். மக்காச்சோள மாவில் கிளறும் பொலென்டா நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அதில் குளூட்டன் இல்லை. ரிசோட்டோ அரிசி, ஆனால் அதில் கரைத்து ஊற்றும் ஸ்டாக் கட்டியில் (சூப் கட்டி) என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். குளூட்டன் ஃப்ரீ பாஸ்தா என்று தனி விலை வாங்கிக்கொண்டு, பத்துப் பேரின் பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் போட்டு எடுத்தால் அது குளூட்டன் ஃப்ரீ இல்லை. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதுதான் அனுமதிக்கப்பட்ட உச்சம். அந்தக் கொதிதண்ணீர் வெள்ளையாகத் தெரிவதே மாவுதான். தனிப் பாத்திரம், புதுத் தண்ணீர், தனி வடிகட்டி. முடியாது என்றால் வேண்டாம். பீட்சாவில் இன்னும் கஷ்டம்: அடுப்புக் கல்லிலும் பலகையிலும் மைதா பறந்துகொண்டே இருக்கும்.

(இடையில் ஒன்று. சீலியாக் சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வராதீர்கள். நிறுத்தியபின் எடுத்தால் இருக்கிற நோயும் இல்லை என்று வரும். அப்புறம் 'நூறு உணவுக்கு ஒரே பரிசோதனை' என்று ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து பட்டியல் விற்கிறார்களே, அது அலர்ஜிப் பரிசோதனையே அல்ல. அந்தக் காசுக்கு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.)

முட்டைக்கு: உணவகத்திலேயே உருட்டித் தேய்க்கும் ஃப்ரெஷ் பாஸ்தாவில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது பொதுக் கணக்கு. பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டுமே. டிராமிசு என்ற இனிப்பில் முட்டை வேகாமலேயே இருக்கும், சமயத்தில் மதுவும். பாலுக்கு: லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர் வேறு, பால் அலர்ஜி உள்ளவர் வேறு. முன்னவருக்கு வயிறு உப்பும், போகும்; பலமாதம் பழுத்த பார்மசான் சீஸில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லாததால் அவர் அதைச் சாப்பிடவும் செய்யலாம். பின்னவருக்கு அதே பார்மசான் பால் புரதத்தின் பிழிவு. இரண்டுக்கும் "பால் ஒத்துக்காது" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னால் சர்வர் என்ன செய்வார், பாவம்.

ஆர்டர் செய்ததைப் பற்றியாவது சிலர் விசாரிக்கிறார்கள். ஆர்டர் செய்யாமல் வருவதைப் பற்றி யாருமே கேட்பதில்லை. விலை உயர்ந்த உணவகங்களில் உட்கார்ந்ததுமே பிரெட் கூடை வரும், தொட்டுக்கொள்ளப் பச்சையாக ஏதோ ஒரு கிண்ணத்தில் வரும். செஃப் அன்பளிப்பாக ஒரே கடியில் தீரும் ஒரு சின்னத் துணுக்கு வரும். பில்லோடு சாக்லேட் வரும். பிறந்தநாள் என்றால் மெழுகுவர்த்தி குத்திய ஒரு இனிப்பு, பாட்டோடு வரும். இலவசம் என்பதால் வாயில் போட்டுவிட்டுத்தான் பேச்சே. பக்கத்துத் தட்டிலிருந்து "ஒரு வாய் பாரு" என்று நீட்டும் முள்கரண்டியும் இந்தக் கணக்குதான்.

எப்படிக் கேட்பது? "முந்திரி இருக்கா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் வரும். சர்வர் பொய் சொல்லவில்லை, அவருக்கு மேலே தூவிய முந்திரிதான் முந்திரி. "இந்த சாஸ்ல என்னென்ன அரைக்கறீங்க? கெட்டியா வர என்ன சேர்க்கறீங்க? பொரிக்கிற எண்ணெய் தனியா, இறால் பொரிச்ச எண்ணெயேவா?" இப்படிக் கேளுங்கள். 'பிடிக்காது' என்று சொல்லாதீர்கள். 'அலர்ஜி, மூச்சு நின்றுபோகும்' என்று சொல்லுங்கள். ஓரமாக எடுத்து வைத்துவிட்டால் போதும் என்று அவர்களும் நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, அடுப்படி எரிந்துகொண்டிருக்கும்போது இதைக் கேட்டுப் பயனில்லை. மதிய வேலை முடிந்து இரவு வேலை தொடங்காத மாலை நாலு மணி வாக்கில் போன் செய்து, மேலாளரிடமோ செஃபிடமோ பேசி, முன்பதிவிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும் நாலு வரி எழுதிய அட்டை ஒன்றை அடுப்படிக்கு அனுப்புங்கள். சர்வர் வாய்வழி கொண்டுபோவது பாதிதான் போய்ச்சேரும். பதில் மழுப்பலாக வந்தால், ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுச் சுட்ட மீனோ கோழியோ வாங்கிக்கொண்டு பேசிச் சிரித்துவிட்டு வாருங்கள்.

2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகளில், மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 மற்றும் அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் அலர்ஜி தரும் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அழகான ஒற்றை உணவகங்கள் பல இந்த வலைக்குள் வருவதில்லை. பில் ஐந்தாயிரம் ஆனாலும் கேட்க வேண்டியது நீங்கள்தான். "பெரிய இடத்துல போய் இதெல்லாம் கேட்டா பட்டிக்காடுன்னு நினைப்பாங்க" என்று மனைவியின் கையைப் பிடித்து அழுத்தும் கணவன்மார்களுக்கு: அந்த மாதிரி இடங்களில் உள்ளூர்ப் பணக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

இப்போது அந்த மாத்திரை. அவிலோ செட்ரிசினோ, எதுவாக இருந்தாலும். "முன்னாடியே ஒண்ணு போட்டுக்கிட்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆகும். அந்த மாத்திரை தோலின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அவ்வளவுதான். தொண்டை வீக்கத்தை அது இறக்காது. சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்காது. விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. முழுதாக வேலை செய்யவே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும். உணவு அலர்ஜி அதற்குள் உயிரையே எடுத்துவிடலாம். முன்கூட்டிப் போட்டால் இன்னொரு ஆபத்து: முதல் எச்சரிக்கையான தடிப்பு மறைந்துபோய், நீங்கள் நன்றாக இருப்பதாக நினைத்து இரண்டாவது தட்டையும் காலி செய்வீர்கள். ஸ்டீராய்டு ஊசி? அது வேலையைத் தொடங்கவே பல மணி நேரம். 'காணாக்கடி' என்று வெற்றிலையில் மிளகு மடித்துக் கொடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தடிப்பு வந்தால்தான் அலர்ஜி என்பதும் தவறு. கடுமையான எதிர்வினையில் நூற்றில் 10 முதல் 20 பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. ஆகாத பொருளைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் குரல் கம்மினால், விழுங்க முடியாமல் போனால், இழுப்பு வந்தால், அடக்க முடியாத வாந்தியும் வயிற்று முறுக்கலும் வந்தால், கண் இருட்டினால் அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. ஒயின், வலி மாத்திரை, சாப்பிட்ட கையோடு ஆட்டம் மூன்றும் அதை இன்னும் சீக்கிரம் கிளப்பிவிடும்.

அதற்கு முதல் மருந்து ஒன்றே ஒன்று. அட்ரினலின், தொடையின் வெளிப்பக்க நடுத் தசையில். 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும் ஆம்பியூலில் (உடைத்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) பெரியவர்களுக்கு 0.5 மில்லி, அதாவது பாதி. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 20 கிலோ குழந்தைக்கு 0.2 மில்லி. சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து இன்னொரு முறை. பேன்ட்டுக்கு மேலேயே குத்தலாம். வெளிநாட்டில் பேனா வடிவில் கிடைப்பது இங்கே எளிதில் கிடைப்பதில்லை, விலையும் கைக்கு எட்டாது. அதனால் ஏற்கெனவே ஒருமுறை கடுமையாக வந்தவர்கள் மருத்துவரிடம் சீட்டு வாங்கி, ஆம்பியூலும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு, போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்; கூடப் போகிறவரும் பழக வேண்டும். வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துப் போகாதீர்கள். அதன் ஊசி குட்டை, மருந்து தசைக்குப் போகாது. அதில் உள்ள கோடுகளும் வேறு கணக்கு. ஆம்பியூலைக் கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அது வெறும் தண்ணீராகிவிடும். நிறம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் குப்பை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்களிடம் அட்ரினலின் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஊசி போட்டதும் படுக்க வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்து. தயவுசெய்து எழுப்பி நிறுத்தாதீர்கள். "வெளில போய் காத்து வாங்குனா சரியாயிடும்" என்று தோளில் கைபோட்டு லிஃப்ட்டுக்கு நடத்திக் கொண்டுபோகும்போதுதான் பலர் சரிகிறார்கள். ரத்தமெல்லாம் காலில் தேங்கி நிற்கும் நேரத்தில் எழுந்து நின்றால், பம்ப் செய்ய இதயத்தில் ஒன்றும் இருக்காது. பாத்ரூமுக்கும் தனியாக விடாதீர்கள். கர்நாடகத்திலும் ஆம்புலன்ஸுக்கு 108தான்.

அங்கேயே, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். "நம்ம டாக்டரையே பார்த்துடலாம்" என்று இரவு பத்தரைக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி வர வேண்டாம். நம்ம டாக்டர் எங்கேயும் ஓடிப்போக மாட்டார். ஊசி போட்டுச் சரியானபிறகும் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், கடுமையாக வந்திருந்தால் இன்னும் அதிகம், அங்கேயே இருக்கச் சொல்வார்கள். இருங்கள். புதிதாக எதுவும் சாப்பிடாமலேயே அதே எதிர்வினை சிலருக்கு மறுபடி கிளம்பும். அது சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவில் கிளம்பினால், காரில் மிச்சம் இருப்பது பாதி ஆம்பியூல். உடைத்த ஆம்பியூலை மூடி வைக்க முடியாது. அதனால் எப்போதும் இரண்டாக வாங்குங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து.