ஸ்லைடைப் படிப்பவர் பேச்சைக் கேட்பதில்லை

1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஓர் எளிய சோதனையை நடத்தினார். ஊரறிந்த ஒரு பாடலின் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக்காட்டும்படி ஒருவரிடம் சொன்னார். எதிரே அமர்ந்திருப்பவர் அந்தத் தட்டலை மட்டும் கேட்டுப் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாடல்களாவது பிடிபட்டுவிடும் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். ஆனால், தட்டப்பட்ட 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்று மட்டுமே. தட்டுபவரின் மனத்துக்குள் மெட்டும் சொற்களும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க, கேட்பவருக்கு வந்து சேர்ந்ததோ வெறும் ‘டொக் டொக்’ ஓசை.

ஒரு பொருளோடு மாதக்கணக்கில் பழகியவர் அதைப் பற்றிப் பிறருக்கு விளக்க எழுந்து நிற்கும்போது நேர்வதும் இதுதான். தான் அறிந்த ஒன்றை அறியாதவரின் நிலையிலிருந்து பார்ப்பது மூளைக்கு எளிதில் கைகூடுவதில்லை என்பதால், எங்கே விளக்கம் தேவை என்பதே பேசுபவருக்குப் புலப்படாமல் போகிறது. துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முன்கூட்டியே பேசிக்காட்டி, கேட்டதை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்பது இதற்கு நல்ல வழி. ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. அந்தக் கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவோம்.

கேட்பவருடைய மூளைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ஆகிய உளவியலாளர்கள் 1974இல் முன்வைத்த கருத்தின்படி, வந்துசேரும் தகவலைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும் செயல் நினைவில் ஒலிக்கு ஒரு பகுதியும் காட்சிக்கு ஒரு பகுதியும் தனித்தனியாக உள்ளன. எழுத்து கண் வழியாக நுழைந்தாலும், நாம் அதை மனத்துக்குள் உச்சரித்தே படிப்பதால், அது ஒலிப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. பேச்சும் அங்கேதான் வருகிறது. ஆகவே வரைபடத்தைக் காட்டியபடி பேசினால் இரண்டும் தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். பத்து வரிகளைத் திரையில் நிறுத்திவிட்டுப் பேசினால் ஒன்றையொன்று இடறும். இடிமின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் அசைபடத்தைக் கொண்டு ரிச்சர்ட் மேயர் குழுவினர் இதைச் சோதித்தனர்: குரல் விளக்கத்தோடு பார்த்த மாணவர்களைவிட, அதோடு திரையில் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களே குறைவாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் ஆவணங்களிலேயே ஒரு ஸ்லைடு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்ட ஏறத்தாழ 82ஆவது நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டொன்று இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் விண்வெளியில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசாவுக்கு விளக்கினார்கள். அவர்களது முக்கிய ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனை முடிவுகள் ஆறுதல் தருகின்றன என்ற தோற்றத்தை உண்டாக்கியது. அந்தத் தலைப்பின் கீழ் வரிகள் படிப்படியாக உள்தள்ளி, எழுத்தும் சிறுத்துக்கொண்டே போக, உயிர்நாடியான தகவல் கடைசி வரியில் கிடந்தது: சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம்; மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! பழைய சோதனைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். தலைப்போ நேர்மாறான எண்ணத்தைத் தந்தது.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறி எழுவரும் இறந்தனர். ஒரே ஸ்லைடால் விளைந்த விபத்து என்று இதைச் சொல்லிவிட முடியாது. இறக்கையைப் படமெடுக்கப் பொறியாளர்கள் விடுத்த கோரிக்கைகளையும் மேலாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும், உயிராபத்தைப் பற்றியது அந்த ஸ்லைடு என்பதே ஓர் உயரதிகாரிக்குப் படாமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறித்தது. கேட்பவர் எடுக்க வேண்டிய முடிவை மனத்தில் வைத்திருந்தால், ‘இவ்வளவு பெரிய துண்டு மோதினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாது’ என்பதே தலைப்பாகியிருக்கும். அதற்குக் கீழே இரண்டு துண்டுகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினாலே போதும்.

தலைப்பில் வெறும் பெயரைப் போடாமல் ஒரு முழு வாக்கியத்தைக் கூற்றாக எழுதி, அதற்கான சான்றைப் படமாகக் கீழே வைக்கும் முறையை மைக்கேல் ஆலி போன்றோர் பொறியியல் மாணவர்களுக்குக் கற்பித்துவருகிறார்கள். வாக்கியமாக எழுதும்போது சொல்ல வந்தது என்னவென்று முடிவுசெய்தாக வேண்டியிருப்பதால், இம்முறை முதலில் திருத்துவது பேசுபவரைத்தான் என்பது என் எண்ணம். திரையில் எதுவுமே தேவைப்படாத நேரங்களில், பவர்பாயிண்டில் ‘B’ விசையை அழுத்தினால் திரை கருத்துவிடும்; கண்கள் தாமாகவே பேசுபவரிடம் திரும்பும்.

எண்களும் நிபந்தனைகளும் நிறைந்த விஷயமென்றால் ஸ்லைடையே விட்டுவிடலாம். அமேசான் நிறுவனத்தில் 2004இல் மேலாண்மைக் கூட்டங்களுக்குப் பவர்பாயிண்டைத் தடைசெய்த ஜெஃப் பெசோஸ், முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் முதலில் அமைதியாகப் படித்துவிட்டு, அதன் பிறகே விவாதிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். படிப்பதற்கு ஒரு நேரம், பேசுவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துவிட்டதால் அங்கே எழுத்தும் பேச்சும் மோதிக்கொள்வதில்லை. முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் இது நடக்காது. அங்கே விவரத் தாள்களைப் பேச்சு முடிந்த பின் கொடுப்பதே மேல், முன்பே கொடுத்தால் எல்லோரும் குனிந்து அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள்.