ஒரு சென்ட் காசு லட்சக்கணக்கில் விலைபோவது எப்படி?

அமெரிக்கர்கள் பென்னி என்று அழைக்கும் ஒரு சென்ட் காசு, 1943-இல் மட்டும் நூறு கோடிக்கு மேல் அச்சடிக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அதே ஆண்டு பொறித்த ஒரு காசு 2010-இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. காரணம், அது செம்பு.

அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. தோட்டா உறைகளுக்குச் செம்பு தேவைப்பட்டதால், நாணயச்சாலைகள் அந்த ஓராண்டு துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தன. வெள்ளையாக இருந்ததால் பத்து சென்ட் காசு என்று பலர் ஏமாந்தார்கள்; பூச்சு தேய்ந்த இடத்தில் துருவும் ஏறியது. இதற்கிடையே முந்தைய ஆண்டின், இன்னும் பொறிக்கப்படாத செம்பு வில்லைகள் சில தொட்டிகளின் இடுக்கில் தங்கியிருந்து, எஃகு வில்லைகளோடு அச்சுக்குள் போய்விட்டன என்று கருதப்படுகிறது. அப்படி வந்தவற்றில் இன்று அறியப்பட்டவை சில டஜன்களைத் தாண்டாது. டென்வர் நாணயச்சாலையின் முத்திரையோடு தெரியவந்தது ஒன்றே ஒன்று. 17 லட்சம் அதற்குக் கிடைத்த விலை.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலிக்குப் பஞ்சமிருக்குமா? எஃகுக் காசுக்குச் செம்புப் பூச்சு கொடுப்பது எளிய வழி. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடும். தராசும் காட்டிக்கொடுக்கும்: எஃகுக் காசு சுமார் 2.7 கிராம், செம்புக் காசு 3.11 கிராம். இன்னொரு வழியும் உண்டு: 1948-ஆம் ஆண்டின் அசல் செம்புக் காசை எடுத்து, கடைசி 8-இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்குவார்கள். இதைப் பிடிக்கக் காந்தம் உதவாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

வில்லை மாறியதால் வரும் பிழை ஒன்றிரண்டு காசோடு முடிந்துவிடும். அச்சிலேயே பிழை இருந்தால் ஆயிரக்கணக்கில் பெருகும். புடைப்பான எழுத்துள்ள தாய் அச்சை மென்மையான எஃகில் அழுத்தி, காசு பொறிக்கும் அச்சை உருவாக்குவார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் போதிய ஆழம் கிடைக்காது. அழுத்திய எஃகும் இறுகிவிடும். அதை எடுத்து, காய்ச்சி இளக்கி, இம்மியும் பிசகாமல் பழைய இடத்திலேயே வைத்து மீண்டும் அழுத்த வேண்டும். 1955-இல் பிலடெல்பியாவில் ஓர் அச்சு இரண்டாம் அழுத்தின்போது சற்றே திரும்பியிருந்தது. அதில் பொறித்த காசுகளில் ஆண்டும் எழுத்தும் கண்ணாடி இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். பிழை பிடிபட்டபோது அவை லட்சக்கணக்கான நல்ல காசுகளோடு கலந்துவிட்டிருந்தன. அத்தனையையும் உருக்குவானேன் என்று வெளியே விட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேல் புழக்கத்துக்கு வந்தன. விற்பனை இயந்திரங்களில் 25 சென்ட் போட்டு 23 சென்ட் சிகரெட் பெட்டி வாங்கியவர்களுக்கு மீதி இரண்டு பென்னி பெட்டியின் உறைக்குள்ளேயே இருக்கும். இரட்டை எழுத்துக் காசுகள் பல அப்படித்தான் வெளிப்பட்டன.

அதே ஆண்டில் தேய்ந்த அச்சில் பொறித்து, கடைசி 5 மட்டும் மங்கலாக இரட்டித்த காசுகளும் உண்டு. ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்ற பட்டத்தோடு அவற்றையும் விற்கிறார்கள். தேய்மானத்துக்கு எதற்குத் தனி விலை?

எண்ணிக்கை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. 1909-இல் லிங்கன் உருவத்தோடு புதிய பென்னி வந்தபோது, வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் பின்புறத்தின் அடியில் எடுப்பாக இருந்தன. முணுமுணுப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அவற்றை நீக்கிவிட்டார்கள். அதற்குள் பிலடெல்பியா சுமார் 2.8 கோடி காசுகளை அடித்துவிட்டது; சான் பிரான்சிஸ்கோ 4,84,000 மட்டுமே. லட்சக்கணக்கில் அடித்த காசை அபூர்வம் என்பது, என்னைக் கேட்டால், கொஞ்சம் மிகைதான். ஆனால் லிங்கன் பென்னிகளை ஆண்டுவாரியாக ஆல்பத்தில் அடுக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சான் பிரான்சிஸ்கோ காசுக்கான குழியை நிரப்ப வேண்டும். தேடுவோர் கூட்டம் பெரிது என்பதால் அது எப்போதும் விலை உயர்ந்தே நிற்கிறது. 1,600 ஆண்டு பழைய சாதாரண ரோமானியச் செப்புக் காசு அதைவிடப் பல மடங்கு மலிவு.

கையில் கிடைத்த பழங்காசைப் புளி போட்டுத் துலக்குவதுதான் பெரிய கேடு. அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி வழியும்போது கண்ணுக்குப் புலப்படாத நுண்வரிகள் விழுகின்றன. புதுக்காசைத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழல்வது அவற்றால்தான். அமிலமும் தேய்ப்பும் அந்த வரிகளை அழித்துவிடும். பிறகு காசு பளபளக்கும், ஒளி சுழலாது. தரம் பிரிப்பவர்கள் பழுப்பேறிய காசை மதிப்பார்கள், துலக்கிய காசைத் தள்ளிவைப்பார்கள்.