நெஞ்சில் கோளாறு என்றால் வாயை ஏன் பார்க்கிறோம்?

மூச்சுத் திணறல் என்று வருகிறவர்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டதுமே சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். "முதலில் நாக்கை நீட்டுங்கள்" என்றால் முகம் மாறும். "நெஞ்சில்தானே தொந்தரவு?" என்று கேட்பவர்களும் உண்டு. செவிலியராக நான் பார்த்தவரை, காதால் கேட்டு அறிவதில் பாதியைக் கண் முன்னதாகவே சொல்லிவிடும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தால் நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பூக்கும். குளிரில் விரல்நுனி நீலமாவது வேறு. அது கையைச் சூடாக்கினால் மாறிவிடும். நாக்கே நீலமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கருத்த தோலில் முகத்தை வைத்து இதைக் கண்டுகொள்வது கடினம் என்பதால்தான் வாய்க்குள் பார்க்கிறோம். நீலம் இல்லை என்பதால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடுமையான இரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜன் குறைந்த பிறகும் நிறம் மாறாமலே இருக்கலாம். நீலம் தெரியவும், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு வேண்டுமே!

பொய்ப்பல் வைத்திருப்பவர் என்றால் கழற்றச் சொல்வேன். கூச்சப்படுவார்கள், விடமாட்டேன். சிலருக்கு அடியில் அண்ணம் சிவந்து, அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். துணி சுற்றிய விரலால் மெல்லத் துடைத்தால் திட்டு உரிந்து வரும், கீழே செக்கச்செவேலென்று புண். இது பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். நாக்கு எரிகிறது என்று அவர்களாகவே இன்ஹேலரை நிறுத்திவிடுவார்கள்; அடுத்து இளைப்பு கூடும். மருந்து வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் சில நேரம் கொப்பளிக்காத வாய்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொப்பளித்துத் துப்புங்கள். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி இழுத்தால் தொண்டையில் படியும் மருந்து குறையும். பொய்ப்பல்லை இரவில் கழற்றிவிடுங்கள்.

துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு வகை. அதுவும், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. புகையிலை, பாக்கு மெல்லுகிறவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. வலி இல்லையே என்பது சமாதானம் ஆகாது, வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காமலும் இருக்கும்.

இனி மூச்சு எண்ணிக்கை. பரிசோதனைகளிலேயே மிக மலிவானதும், எண்ணாமலே எழுதி மிகவும் ஏமாற்றப்படுவதும் இதுதான். சில பதிவேடுகளைப் புரட்டினால் அத்தனை நோயாளிகளும் நிமிடத்துக்கு 18 முறைதான் மூச்சு விட்டிருப்பார்கள்! ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுவோம்.

சளி, இருமல் உள்ள குழந்தைக்கு இதை வீட்டிலேயே செய்யலாம். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்டிவிடுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால், எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரவெல்லாம் கேட்ட விசில் சத்தம் திடீரென்று நின்றால், தணிந்துவிட்டது என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்றாலும் விசில் நின்றுவிடும். அவரை ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து கண் சொருகினாலோ, விடியும்வரை பொறுக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.