தொப்பியில் இருக்கும் பொறியும் மதிலில் இருந்த பொறியும்

"ஆயுதங்களின் மேலங்கி." ஒரு குலத்தின் அல்லது படையின் அடையாளத்தைக் குறிக்கும் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது நான்காவது தடவை. முதல் மூன்று தடவை சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இந்தத் தடவை உச்சிப்புளியில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில், அவர் காதிலேயே விழுந்து தொலைத்தது.

சித்தப்பா இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். 'கன்னர் வீடு' என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். அவர் பேரன் கைபேசியில் பிரிட்டிஷ் கடலோரப் பீரங்கிப் படையின் வரலாற்றைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். "படைப்பிரிவின் ஆயுதங்களின் மேலங்கி ஒரு பீரங்கியைக் கொண்டுள்ளது" என்ற வரி வந்தது. சித்தப்பா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"மேலங்கிக்குள்ள எவன்டா பீரங்கிய வச்சிருந்தான்?"

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பிளானல் துணிக்குள் பித்தளைத் தொப்பி வில்லை. அதில் சக்கரம் வைத்த பழைய காலத்துப் பீரங்கி. வருஷக்கணக்காகப் பிராஸோ போட்டுத் தேய்த்ததில் ஆரக்கால்கள் மழுங்கியிருந்தன. 'சர்வத்ர' என்ற நாகரி எழுத்தை மட்டும் விரலால் தடவியே படிக்கலாம்.

முதலில் பீரங்கியை முடித்துவிடுகிறேன். ஃபிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயர் பாரசீகத்தில் ஃபிரங்கி ஆயிற்று. நம் கரைக்கு வந்து பறங்கி என்றும் பீரங்கி என்றும் இரண்டாகப் பிரிந்தது. பறங்கிக்காயும் பறங்கிப்பேட்டையும் பீரங்கியும் ஒரே குடும்பம். மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளைக் கடலில் 1538இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கப்பற்படையைத் தோற்கடித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட கரையில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதில் அதிசயம் இல்லை. இதற்கு ஒரு தனித்தமிழ்ச் சொல் கட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், கூடப் போகவும் மாட்டேன்.

சரி, மேலங்கி எங்கிருந்து வந்தது? 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரும்புக் கவசத்துக்குள் இருப்பவன் யார் என்று தெரியாது. கேடயத்தில் அடையாளம் எழுதினார்கள். அதையே கவசத்துக்கு மேல் போடும் துணிச் சட்டையிலும் எழுதினார்கள். அந்த 'கோட்' அப்படியே பெயரில் தங்கிவிட்டது. 'ஆர்ம்ஸ்' என்பதற்கு இந்த இடத்தில் கேடயத்தில் எழுதிய அடையாளம் என்று பொருள். சட்டை போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர் அதைத் தேடிப் பிடித்துத் துவைத்துக் காயப்போடுகிறார்.

அதே கட்டுரை படையின் வாசகத்தையும் விட்டுவைக்கவில்லை. 'உபிக்வே' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எங்கும்' என்று பொருள். 1716இல் தொடங்கிய பிரிட்டிஷ் அரச பீரங்கிப் படைக்கு, எல்லாப் போர்க்களத்திலும் இருந்தார்கள் என்பதற்காக 1832இல் கொடுத்தது. நம்மவர்களின் 'சர்வத்ர'வும் அந்தச் சொல்லுக்கு நேர்தான். கட்டுரைக்காரர் 'எங்கும் நிறைந்தது' என்று எழுதிவிட்டார். எங்கும் நிறைந்திருப்பது ராமநாதசுவாமி. அதிலும் 1899இல் தனியாகப் பிரித்து 1924இல் மீண்டும் சேர்த்துக்கொண்ட கோட்டைக்காவல் பீரங்கிப் படையின் கடலோரப் பீரங்கிகள் காரைத்தளத்தில் பதித்தவை. வாசகம் 'எங்கும்' என்கிறது, பீரங்கி இருந்த இடத்தைவிட்டு அசையாது!

அப்படியானால் சரியான சொல் எது? 'சின்னம்' என்பார்கள். பாம்பனில் போய்ச் சின்னம் என்று சொல்லிப் பாருங்கள், எந்தக் கட்சி என்று கேட்பார்கள். காலடி பட்டது, கட்டடம் இடிந்தது, மாநாடு நடந்தது எல்லாமே இப்போது சின்னம், சொல் தேய்ந்துவிட்டது. 'முத்திரை' தபால்காரர் குத்துவது. அழுத்திப் பதிக்கிற செயல்தான் அதில் முன்னால் நிற்கிறது, எதைப் பதித்தோம் என்பது பின்னால் போய்விடுகிறது.

'இலச்சினை'க்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம். பல்கலைக்கழகக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். லாஞ்சனம் என்ற வடசொல்லில் இருந்து வந்தது. வடமொழி என்பதற்காக அதைத் தள்ளவில்லை. பறங்கியின் பெயரையே பீரங்கிக்கு வைத்துக்கொண்டு எனக்கு என்ன தூய்மை! என் குறை வேறு. தங்கச்சிமடத்து மீன் ஏலத்தில் நிற்கும் ஒருவர் வாயில் அது வராது. பாதிப் பேர் லச்சினை என்கிறார்கள். எல்லாவற்றையும்விட, அதற்கு வினை கிடையாது. 'இலச்சினையைப் பதித்தல்' என்று இன்னொரு சொல்லைத் துணைக்குக் கூட்டிவர வேண்டும். துணை இல்லாமல் நடக்க முடியாத சொல்லைப் பாடநூல்கள் தூக்கிச் சுமக்கின்றன, பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் இறக்கிவைக்கிறார்கள்.

நான் முன்வைக்கும் சொல் 'பொறி'. அது அப்படியில்லை. பொறி, பொறித்தான், பொறித்த, பொறிப்பு. இன்றைக்கும் கல்லில் பெயர் பொறித்தார்கள் என்றுதான் எழுதுகிறோம். புறநானூற்றின் 39ஆம் பாட்டு சேரனின் அடையாளத்தை 'விற்பொறி' என்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் சரக்கு மூட்டைகளில் 'புலி பொறித்து' வெளியே அனுப்புகிறார்கள். அதுவும் துறைமுகம்தான். அக்கரையில் ஆரியச் சக்கரவர்த்திகள் யாழ்ப்பாணத்தில் அடித்த காசில் படுத்த காளையும் 'சேது' என்ற எழுத்தும் இருக்கின்றன. நம் சேதுவின் பெயர். உருவமும் வாசகமும் ஒன்றாக நிற்பதற்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொப்பியில் இருப்பதும் கேடயத்தில் எழுதுவதும் ஒன்றல்ல. சித்தப்பாவின் டப்பாவில் கேடயமே இல்லை. ஆகவே கேடயத்தை நடுவில் வைத்து எழுதும் குல அடையாளத்துக்குக் கேடயப்பொறி, படைக்காரர் தொப்பியில் குத்துவதற்குப் படைப்பொறி என்று பிரித்துக்கொள்ளலாம். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்திலேயே பலர் குழப்புகிறார்கள், நாமாவது தெளிவாக இருப்போம்.

இதையெல்லாம் திண்ணையில் சொன்னபோது பேரன் கேட்டான்: "பொறின்னா எலிப்பொறிதானே பெரியப்பா? இல்லாட்டி பொறியியல்."

கேள்வி நியாயமானது. பொறிக்கு இயந்திரம் என்ற பொருளும் பழையதுதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டைக் காவலை அடுக்கும்போது, தானே வளைந்து அம்பு எய்யும் 'வளைவிற் பொறி'யையும் கல் எறியும் கவணையும் சொல்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கிப் படை என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே படைப்பொறி என்றால் போர் இயந்திரம் என்றும் படிக்க இடம் உண்டு. வேறு படை என்றால் இது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பீரங்கிப் படையில் நடப்பது வேறு. காலாட்படைக்குக் கொடி உண்டு, அதற்குத்தான் மரியாதை. பிரிட்டிஷ் பீரங்கிப் படை தனிக் கொடி தூக்குவதில்லை; பீரங்கியே அவர்களுக்குக் கொடி, அணிவகுப்பில் கொடிக்குரிய மரியாதையைப் பீரங்கிக்குத்தான் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா, "நாங்களும் அப்படித்தான்" என்றார். வில்லையை இன்னொரு தடவை துடைத்து, பீரங்கி மேலே தெரியும்படி பிளானலில் வைத்து மடித்தார்.

"அப்ப இதுவும் பொறி, அதுவும் பொறி" என்றான் பேரன்.

"மேலங்கின்னு சொன்னவன மட்டும் ஒருநாள் கூட்டிட்டு வா" என்றார் சித்தப்பா.