மூன்று கோட்டு சிக்மாவும் எகெஸ்தா உடன்படிக்கையும்

பழைய கிரேக்கத்தில் இரண்டு நகரங்கள் கூட்டுச் சேர்ந்தால் சத்தியம் செய்துகொள்வதோடு விடமாட்டார்கள். வாசகத்தைக் கல்லிலோ வெண்கலத் தகட்டிலோ வெட்டி, சாமி சாட்சியாகக் கோயிலில் வைத்துவிடுவார்கள். ஒலிம்பியாவில் கிடைத்த ஒரு தகடு, சைபரிஸ் நகரத்தாரும் செர்டாயோய் என்ற மக்களும் என்றென்றைக்கும் நண்பர்கள் என்கிறது. ஜீயஸும் அப்பல்லோவும் பிணை. கி.மு. 510-இல் சைபரிஸ் அழிந்தே போனது. அந்த அழிவால்தான், தகடு 510-க்கு முந்தியது என்று இன்று அடித்துச் சொல்ல முடிகிறது.

எல்லாக் கல்வெட்டுக்கும் இப்படி ஒரு பிடி கிடைக்காது. ஏதென்ஸ் நகரம், சிசிலித் தீவிலிருந்த எகெஸ்தாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பாருங்கள். ஏதென்ஸில் ஆண்டுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டு பதவியிலிருந்த ஆர்கான் என்ற அதிகாரியின் பெயரே ஆண்டின் பெயர். கல்லில் சரியாக அந்தப் பெயர்தான் தேய்ந்துபோயிருக்கிறது. தெளிவாகத் தெரிவது 'ஓன்' என்ற முடிவு மட்டும். ஹாப்ரோன் என்றால் கி.மு. 458–457. அந்திஃபோன் என்றால் 418–417. நாற்பது ஆண்டு வித்தியாசம்!

தேய்ந்த எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள்? முதல் உதவி, அன்றைய கல்தச்சரிடமிருந்தே வருகிறது. ஏதென்ஸ்காரர்கள் பெரும்பாலும் கணக்கு நோட்டில் எழுதுவதுபோல, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, மேலும் கீழும் நேராக நிற்கும்படி வெட்டினார்கள். ஆகவே உடைந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று எண்ணிவிடலாம். அப்புறம், "அவையும் மக்களும் முடிவு செய்தனர்" என்று தொடங்கும் வாசகம் கல்லுக்குக் கல் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. இன்றைய பத்திரத்தில் பாதி கிழிந்திருந்தாலும் மீதியை ஊகிக்கிறோம் அல்லவா, அதே கதைதான்.

அடுத்தது படியெடுப்பு. தடித்த தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். காய்ந்ததும் உரித்தால் எழுத்துகள் மறுபக்கம் புடைத்து நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கல்லில் கண்ணுக்குத் தப்பியதும் சில நேரம் நிழலாக எழும்பும்.

எகெஸ்தா கல்லுக்கு இதெல்லாம் போதவில்லை. அதனால் எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதை, நம்பினார்கள். அதிலுள்ள சிக்மாவுக்கு, அதாவது 'ஸ்' ஒலிக்கான கிரேக்க எழுத்துக்கு, நான்கு கோடு இல்லை, மூன்றுதான். மின்னல் கீற்றுபோல இருக்கும். அந்த வடிவம் கி.மு. 446-ஐ ஒட்டி வழக்கொழிந்தது என்பது அறிஞர்களிடையே கிட்டத்தட்ட சட்டமாகவே இருந்தது. அப்படியானால் ஹாப்ரோன்தான் என்று முடித்தார்கள். ஹெரால்ட் மாட்டிங்லி என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மட்டும் 1961 முதல் இந்தச் சட்டத்தையே மறுத்துவந்தார். வயதான தச்சர் ஒருவர் பழைய பாணியை விடாமல் வைத்திருக்கக் கூடாதா என்ன? நெடுங்காலம் அவர் பேச்சு எடுபடவில்லை.

1990-இல் மார்டிமர் சேம்பர்ஸ் என்ற வரலாற்றாசிரியரும் இரு சகாக்களும் வேறு வழியில் போனார்கள். பளிங்கு ஓரளவு ஒளியை உள்ளே விடும் கல். லேசர் ஒளியை அதனூடே செலுத்திப் படமெடுத்து, கணினியில் தெளிவாக்கிப் பார்த்தபோது அவர்கள் படித்த பெயர்: அந்திஃபோன். உடனே எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்று பெரும்பாலோர் ஏற்பது 418–417-ஐத்தான்.

சரி, அதனால் என்ன? கி.மு. 415-இல் எகெஸ்தாவின் அழைப்பின்பேரில்தான் ஏதென்ஸ் சிசிலிமேல் பெரும்படை அனுப்பி, இரண்டே ஆண்டில் அதை முழுக்க இழந்தது. தங்களிடம் பணம் கொட்டிக்கிடப்பதாகக் காட்ட எகெஸ்தாக்காரர்கள் வெள்ளி, தங்கக் கிண்ணங்களை இரவல் வாங்கி வீட்டுக்கு வீடு மாற்றி விருந்து வைத்ததாக அக்கால ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். பழைய தேதிப்படி, ஏதென்ஸுக்கு அந்தத் தீவின்மேல் நாற்பது ஆண்டாகக் கண் இருந்தது. புதிய தேதிப்படி, அந்தக் கூட்டு படையெடுப்புக்குச் சற்று முன்னால் செய்துகொண்டது. தவிர, சிக்மா சட்டம் உடைந்ததால், அதை நம்பித் தேதி குறித்த மற்றக் கல்வெட்டுகளும் ஆட்டம் கண்டன. ஏதென்ஸ் தன் கூட்டாளிகளை அடக்கி ஆளத் தொடங்கியது அதன் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸ் காலத்திலா, அவருக்குப் பின்னாலா என்ற கேள்வி வரைக்கும் இது போகிறது. ஒரு தச்சர் நாலாவது கோட்டைப் போடாததன் விளைவு.

கல் பொய் சொல்லாது என்று சிலர் நம்புகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கி.மு. 377-இல் ஏதென்ஸ் புதிய கூட்டணி ஒன்றுக்கு அழைப்பு விடுத்தது. காவல்படை வைக்கமாட்டோம், ஆளுநரை அனுப்பமாட்டோம், கப்பம் கேட்கமாட்டோம் என்று அந்தக் கல்லில் உறுதி தருகிறார்கள். முன்பு அத்தனையும் செய்தவர்கள். கீழேயும் இடப்பக்கத்திலும் உறுப்பு நகரங்களின் பெயர்கள், சேரச் சேர வெவ்வேறு கைகள் வெட்டியவை. நடுவே சில வரிகளைப் பிற்பாடு வேண்டுமென்றே செதுக்கி அழித்திருக்கிறார்கள். அதே கல்லில் இன்னொரு விதியும் உண்டு: கூட்டணியில் சேரும் நகரத்துக்குப் பாதகமான கல்வெட்டு ஏதாவது ஏதென்ஸில் நின்றால், அதை இடித்துவிட அவைக்கு அதிகாரம்.