ஆள்களம்: 'டொமைன்' இணையதளம் அல்ல

"உறுப்பு நிறுவனங்கள் முதலில் தங்கள் இணையதளத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகே மின்னஞ்சல் முகவரி வழங்கப்படும்."

தேசிய ஆராய்ச்சி வலையமைப்பு ஒன்றின் திட்ட வரைவைப் பிழை பார்க்கத் தந்திருந்தார்கள். அதில் வந்த வரி இது. மூலத்தில் இருந்த சொல் 'டொமைன்', அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர். அதை இணையதளம் ஆக்குவதை எத்தனை முறைதான் பார்ப்பது?

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'டோமினுஸ்' என்றால் உடையவன், தலைவன். அவனுடைய உடைமை 'டோமினியம்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவரின் அதிகாரம் செல்லும் எல்லை என்பதுதான் பொருள்.

இணையத்திலும் அதே பொருள்தான். மின்னஞ்சல் முகவரியில் @ குறியை ரே டாம்லின்சன் 1971-இல் புகுத்தியபோது அதன் வலப்பக்கம் வெறும் கணினியின் பெயர் இருந்தது. எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில், ஒரே இடத்தில் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகவே அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டொமைன் பெயர் முறையில் பெயர் சூட்டும் அதிகாரம் படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 'புள்ளி இன்' இந்தியாவுக்கு, அதற்குள் 'புள்ளி ஏசி' கல்வி நிறுவனங்களுக்கு, அதற்குள் ஒரு பெயர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு. தன் எல்லைக்குள் துறைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். மேலே யாரையும் கேட்க வேண்டாம்.

இதில் இணையதளம் எங்கே வந்தது? இணையதளங்கள் இயங்கும் வலையை டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்ததே 1989-இல்தான். பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைக்கலாமா? தளமே இல்லாத ஆய்வகமும் டொமைன் வாங்கி, அஞ்சலை எந்தக் கணினி ஏற்கும் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தால் போதும், கடிதம் வந்து சேரும். வரைவில் உள்ளபடி படித்தால் அந்த ஆய்வகம் முதலில் தளம் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கும்.

சரி, இணையதளம் வேண்டாம், 'களம்' என்று வைத்தால் என்ன என்பார்கள். சுருக்கமான சொல்தான், ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம். நெற்களம், போர்க்களம், அரசியல் களம், களப்பணி. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதும்போது 'களப் பதிவு' என்றால், வயலில் இறங்கி எடுத்த குறிப்பு என்றுதானே படிப்பார்கள்? போதாக்குறைக்கு தளம், களம் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தட்டச்சில் ஒன்று தவறினால் பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடுவோம்.

ஆகவே ஆள்களம். இது நான் கண்டுபிடித்ததல்ல, பல காலமாகப் புழங்குவதுதான். 'ஆள்' என்றால் மனிதன் என்று தோன்றுகிறதே என்பது வழக்கமான மறுப்பு. ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை: ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம். லத்தீன் வேரில் இருக்கும் அதிகாரம் இதில் அப்படியே இருக்கிறது. வெறும் 'களம்' அதைத்தான் தொலைத்துவிடுகிறது. தூய தமிழ் வேண்டும் என்ற பிடிவாதத்தில் சொல்லவில்லை. 'டொமைன்' என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். 'இணையதளம்' என்ற தவறான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

அதிகார வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஜேனட் வலையமைப்பைப் பார்க்கலாம். அங்கே முகவரியைத் தலைகீழாக, நாட்டில் தொடங்கித் துறையில் முடியும்படி எழுதினார்கள். கணினி அறிவியல் துறைகளின் சுருக்கமான 'சிஎஸ்' கடைசியில் வரும். மற்ற இடங்களிலோ கடைசியில் வருவது நாட்டின் குறியீடு. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு 'புள்ளி சிஎஸ்' கிடைத்ததும் துறை எது, நாடு எது என்று குழப்பம் வந்தது.

இந்த நுணுக்கமெல்லாம் மொழிபெயர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். தெரியாவிட்டால் கேட்கலாமே! அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போவதுதான் எரிச்சல். அதே வரைவின் அடுத்த பக்கத்தில் "பதிவாளரிடம் விண்ணப்பிக்கவும்" என்று இருந்தது. மூலத்தில் 'ரெஜிஸ்ட்ரார்', அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம். பல்கலைக்கழகத்தில் பதிவாளர் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். டொமைன் கேட்டு அத்தனை பேரும் அவர் அறை வாசலில் போய் நிற்பார்கள். 'பதிவு முகவர்' என்று திருத்திக் கொடுத்தேன்.