புதுக் கத்திதானே, டாக்டரையா?

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம் வந்தால் எங்கள் டிஸ்பென்சரியில் தவறாமல் கேட்கும் வசனம் இது: "புதுக் கத்தி டாக்டரையா, துருவே இல்ல. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எதுக்கு?" இந்த மாதம் இது நான்காவது ஆள். முழங்காலுக்குக் கீழே இரண்டங்குல வெட்டு. தேயிலைத்தூளை அப்பி, மேலே வெற்றிலைச் சுண்ணாம்பும் பூசி, பழைய சேலைத் துணியால் மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்தார். கழுவி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது.

துருவால் ஏற்பு வருவதில்லை, அண்ணே. துரு என்பது ஈரத்தில் உளுத்துப்போன இரும்பு, அவ்வளவுதான். கிருமியின் வித்து இருப்பது மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும். பழைய ஆணிக்கு ஏன் பயப்படுகிறோம்? அது மண்ணில் கிடந்தது, ஆழமாகவும் குத்தும். காற்றுப் படாத ஆழத்தில்தான் இந்தக் கிருமி பெருகும். வேலி முள்ளில் எங்கே துரு? அது குத்தியும் ஏற்பு வரும். உங்கள் புதுக் கத்தியும் தேயிலை மலையில் மண்ணைத் தொட்டதுதானே!

நம் நரம்பு முனைகளில், செய்தி சொல்லும் இரசாயனம் நுண்ணிய பைகளில் நிறைந்திருக்கும். ஒரு பையின் அகலம் சுமார் 40 நானோமீற்றர். தசையை 'போதும், தளர்' என்று அடக்குகிற கிளைசின், காபா இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன. பை நரம்பின் சுவரோடு ஒட்டி வாய் திறந்தால்தான் சரக்கு வெளியே வரும். அந்தக் கிருமி விடும் ஏற்பு நஞ்சு நரம்பு வழியே முள்ளந்தண்டு வரை ஏறி, ஒட்டவைக்கும் சினப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. (1992 இல்தான் இது தெரியவந்தது.) பை நிறைந்தே கிடக்கும், திறக்காது. அடக்க ஆளில்லாமல் தசைகள் இறுகும். பெரும்பாலும் முதலில் தாடை. நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை எங்கள் மருந்து எதுவும் தொடாது.

பெண்கள் பிள்ளை உண்டாகும்போதாவது இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆம்பிளைகள் பள்ளிக்கூடத்தில் போட்டதோடு சரி.

வெட்டுப்பட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேயிலைத்தூள் தேத்தண்ணிக்கு, காயத்துக்கு அல்ல. அன்றைக்கே வாருங்கள், அன்றைய வேலைக்குப் பேர் போட்டு முடிந்த பிறகென்றாலும் பரவாயில்லை. அழுக்குக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் கடந்திருந்தாலே இன்னொன்று வேண்டும். வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தால் என்னிடம் வராதீர்கள், நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அண்ணன் முணுமுணுத்தபடியே போட்டுக்கொண்டார். அடுத்த ஊசிக்கான திகதியைத் துண்டில் எழுதி, அவர் சம்சாரத்தின் கையில் கொடுத்தேன்.